வளர்க்க வேண்டியது மீனை அல்ல, தண்ணீரை!

சென்னை கொளத்தூர் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் தெரியும். தெருவுக்குத் தெரு வண்ணமீன் கடைகள். கப்பி, ஃபைட்டர், கோல்டு ஃபிஷ் என்று நன்னீர் மீன் வாங்க வருபவர்கள்தான் அதிகம். ஆனால் ஒரு சிலர் மட்டும் நீல விளக்கு எரியும் தொட்டி ஒன்றின் முன்னால் அப்படியே நின்றுவிடுவார்கள். உள்ளே ஆரஞ்சும் வெள்ளையுமாக "நீமோ" மீன். 2003-ல் அந்தப் படம் வந்த பிறகு அதற்கு வேறு பெயரே இல்லாமல் போய்விட்டது!

அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு?" இரண்டாவது கேள்வி, "என்ன சாப்பிடும்?" மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. "இந்தத் தண்ணீரை எப்படிப் பார்த்துக்கொள்வது?"

அந்த மூன்றாவது கேள்வியை முதலில் கேட்காதவர் கடல்மீன் தொட்டி வைக்கவே கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கருத்து. கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். காரணங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கண்ணாடி மாதிரி இருந்துச்சே!

வழக்கமாக நடக்கும் கதை இதுதான். ஒருவர் 200 லிட்டர் தொட்டி வாங்குகிறார். உப்பு கரைக்கிறார், ஃபில்டரை ஓட விடுகிறார். மறுநாள் தண்ணீர் பளிச்சென்று தெளிந்துவிடுகிறது. அன்றைக்கே நான்கைந்து மீன்கள் வந்துவிடுகின்றன. பிள்ளைகள் ஆசை ஆசையாகத் தீனி போடுகிறார்கள். ஒரு வாரத்தில் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. "தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சே சார்!" என்று கடைக்காரரிடம் போய் நிற்கிறார்.

தெளிவான தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. மீனைக் கொன்றது அம்மோனியா. அதற்கு நிறம் கிடையாது. மீன் தன் செவுள் வழியாகவே அதை வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனி அழுகினாலும் அதுதான் உருவாகிறது. கடல்நீரின் பி.ஹெச். 8.2 அளவில் இருப்பதால் அம்மோனியாவில் நச்சு வடிவம் எடுக்கும் பங்கும் கூடிவிடுகிறது. பி.ஹெச். 7 உள்ள நன்னீர்த் தொட்டியில் தப்பித்துக்கொள்ளும் அதே அளவு அம்மோனியா கடல்நீர்த் தொட்டியில் ஆளைக் கொல்லும்.

இதற்கு இயற்கை ஒரு வழி வைத்திருக்கிறது. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் இந்த பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் ஒட்டிப் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் இருக்கக் கூடாது. ஒரு சிட்டிகை தீனியையோ கொஞ்சம் அம்மோனியாவையோ போட்டுக்கொண்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகும்வரை வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்க்கப் பொறுமை இல்லாதவருக்கு இந்தப் பொழுதுபோக்கு சரிப்படாது. இதுதான் நுழைவுத் தேர்வு.

மெரினா தண்ணீர் போதாதா?

"கடல்தான் பக்கத்திலேயே இருக்கே, நாலு குடம் பிடிச்சுட்டு வந்தா ஆச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. மெரினாவின் வட முனையில் கூவம் கலக்கிறது. தெற்கே போனால் அடையாறு கலக்கிறது. அந்தக் கரையோரத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவது, கூவத்தில் கொஞ்சத்தை வீட்டு ஹாலுக்குக் கொண்டுவருவது போலத்தான். கரையை விட்டு வெகுதூரம் போய் எடுத்து, வடிகட்டி, இருட்டில் சேமித்து வைத்துப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஒற்றைத் தொட்டி வைத்திருப்பவருக்கு அது ஆகாத வேலை.

எனவே கடல்நீரை வீட்டிலேயே தயாரிக்க வேண்டியிருக்கிறது. மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்புக் கலவையை ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்று கரைக்க வேண்டும். (சமையல் உப்பு வெறும் சோடியம் குளோரைடு. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன.) 200 லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ.

எந்தத் தண்ணீரில் கரைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்பது பக்கெட்டில் படியும் வெள்ளைக் கறையைப் பார்த்தாலே தெரியும். ஆர்.ஓ. மெஷின் தண்ணீர் என்றால் பரவாயில்லை. ஆனால் வீட்டு மெஷின்கள் பலவற்றில் குடிக்கச் சுவையாக இருக்கட்டும் என்று கொஞ்சம் மூலத் தண்ணீரையே திரும்பக் கலந்துவிடும் ஏற்பாடு இருக்கிறது. மனிதருக்கு அது நல்லது, பவளத்துக்கு நல்லதில்லை. ஒரு டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. ரெசின் வழியாகவும் போய், மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீர்தான் தேவை.

இன்னொரு தவறு, ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீரையே ஊற்றுவது. ஆவியாகப் போவது வெறும் நன்னீர். உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 200 லிட்டர் தொட்டியில் தினம் 2 லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். அதை ஒரு மாதம் உப்புத் தண்ணீரால் நிரப்பினால் 35-ல் இருந்த உப்புத்தன்மை 45-ஐத் தாண்டிவிடும். கணக்கு மிகச் சுலபம். 7,000 கிராம் உப்பு இருந்த இடத்தில் 9,100 கிராம் ஆகியிருக்கும். தொட்டியின் அளவு மாறவில்லை, தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பவை மட்டும் ஒவ்வொன்றாகச் சுருங்கிச் சாகும்.

வரவும் செலவும்

இங்கேதான் பி.காம். முதலாண்டு மாணவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் பெரிய பெரிய தொட்டிக்காரர்களுக்கே மறந்துபோகிறது. தொட்டி என்பது ஒரு கணக்குப் புத்தகம். உள்ளே போவது எல்லாம் வரவு. வெளியே எடுப்பது செலவு. வரவு செலவைவிட அதிகமாக இருந்தால் இருப்பு ஏறிக்கொண்டேதான் போகும். அந்த இருப்புக்கு இங்கே பெயர் நைட்ரேட், பாஸ்பேட்.

வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. போட்டுப் பார்ப்போம் என்று ஒருவர் பேப்பரில் கணக்குப் போட்டால் அதிர்ந்துபோவார். தீனியால் வாரத்துக்கு 5 பி.பி.எம். நைட்ரேட் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதத் தண்ணீர் மாற்றம் இருப்பதில் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுக்கும். 5 பி.பி.எம். இருக்கும்போது எடுக்கப்படுவது வெறும் 0.5. மீதி 4.5 அடுத்த வாரத்துக்குப் போகிறது. இப்படியே ஏறி ஏறி, பத்தில் ஒரு பங்கு என்பது 5 ஆகும் இடத்தில்தான் அது நிற்கும். அதாவது 50 பி.பி.எம்.மில்! வாராவாரம் தவறாமல் தண்ணீர் மாற்றியும் 50. பவளத் தொட்டிக்கு அது மிக அதிகம். ஒற்றை இலக்கத்தில் வைத்திருக்கத்தான் பெரும்பாலோர் பார்க்கிறார்கள்.

இதைக் குறைக்க இரண்டு வழி. 20 சதவீதமாக மாற்றலாம், அப்போது 25-ல் நிற்கும். அல்லது தீனியைப் பாதியாக்கலாம், அப்போதும் அதே 25-ல் நிற்கும். முதல் வழிக்கு உப்புச் செலவு இரட்டிப்பு. இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை, மிச்சம்! மீனுக்குப் பசி என்று நினைத்துக் கை நிறையத் தீனி போடுவது அன்பு இல்லை. ஓரிரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போடும் ஒவ்வொரு சிட்டிகையும் தொட்டியின் கடன் கணக்கில்தான் போய்ச் சேரும்.

செலவுப் பக்கத்தில் இன்னும் சில உதவிகள் உண்டு. ஸ்கிம்மர் என்ற கருவி தண்ணீருக்குள் மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளை விடும். கழிவுப் பொருள்கள் நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே குமிழியின் மேல் ஒட்டி நுரையாக மேலே வந்துவிடும். அதன் கோப்பையில் சேரும் கறுப்புத் தண்ணீரை ஒருமுறை முகர்ந்தவர் வாழ்நாளில் மறக்கமாட்டார். அந்த நாற்றம் அவ்வளவும் முந்தின நாள்வரை "கண்ணாடி மாதிரி" தண்ணீரில்தான் இருந்தது!

அடுத்தது பாறை. துளைகள் நிறைந்த பாறையின் ஆழத்தில் ஆக்சிஜன் எட்டாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். 1961-லேயே ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் உயிருள்ள பாறை, காற்றுக் குமிழி, சூரிய ஒளி இவற்றை வைத்தே கடல் உயிர்களை வளர்க்கும் முறையைப் பற்றி ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகையில் எழுதினார். பிறகு பெர்லின் நகரத்துத் தொட்டிக்காரர்கள் அந்தப் பாறையோடு ஸ்கிம்மரையும் பலமான விளக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கும் பெரும்பாலான பவளத் தொட்டிகள் அந்த வழியில்தான் ஓடுகின்றன. தண்ணீரைச் சுத்தம் செய்வது மெஷின் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர்களும்தான் என்பதே அவர்கள் கற்றுக்கொடுத்த பாடம்.

சுண்ணாம்புக் கணக்கு

மீன் மட்டும் இருக்கும் தொட்டிக்கு இதுவரை சொன்னதே போதும். கல்பவளம் இருந்தால் இன்னொரு கணக்கு தொடங்குகிறது. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவது கால்சியம் கார்பனேட்டால். அதாவது தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் அது தினமும் உருவிக்கொண்டே இருக்கும். வீடு கட்டுபவர் சிமெண்டும் மணலும் எடுப்பது மாதிரி. கார்பனேட் இருப்பைத்தான் ஆல்கலினிட்டி என்று அளக்கிறார்கள். இயற்கையான கடல்நீரில் அது 7 டி.கே.ஹெச். அளவில் இருக்கும். கால்சியம் 420 பி.பி.எம். அளவில் இருக்கும்.

பவளம் 2.8 டி.கே.ஹெச். ஆல்கலினிட்டியை எடுக்கும்போது கால்சியத்தில் 20 பி.பி.எம். மட்டுமே எடுக்கிறது. 420-ல் 20 போனால் 5 சதவீதம்கூட இல்லை, 400 மிச்சம். ஆனால் 7-ல் 2.8 போனால் 40 சதவீதம் காலி! கையில் நிறைய நிலம், பாக்கெட்டில் காசு இல்லை என்று இருப்பவரைப் போலத்தான். கால்சியம் நிலம். ஆல்கலினிட்டி பாக்கெட் காசு. முதலில் தீர்ந்துபோவது அதுதான். எனவே வாரத்துக்கு ஒரே ஒரு டெஸ்ட்தான் செய்ய முடியும் என்றால் ஆல்கலினிட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

தீர்ந்ததை எப்படி நிரப்புவது? அழகான பாட்டில்களில், பெரிய பெரிய பெயர்களோடு கரைசல்கள் விற்கிறார்கள். "ஏ", "பி" என்று இரண்டு பாட்டில். உள்ளே பெரும்பாலும் இருப்பது சோடியம் பைகார்பனேட் அல்லது கார்பனேட் ஒன்றில், கால்சியம் குளோரைடு இன்னொன்றில். 200 லிட்டர் தொட்டியில் ஆல்கலினிட்டியை 1 டி.கே.ஹெச். உயர்த்த வேண்டியது சுமார் 6 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்ப சோடா! பாட்டில் வாங்குவது தவறில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்காமல், லேபிளில் சொன்ன மூடிக்கணக்கில் ஊற்றுவதுதான் தவறு. அளக்காத எதையும் தொட்டியில் சேர்க்காதே என்பது இந்த உலகின் முதல் விதி.

பெர்லின்காரர்கள் பயன்படுத்திய வழி இன்னும் சுவாரசியம். "கால்க்வாசர்" என்ற அந்த ஜெர்மன் வார்த்தைக்கு அர்த்தம் வேறொன்றுமில்லை, சுண்ணாம்புத் தண்ணீர்! வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பின் சுத்தமான வடிவம். ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகச் சுண்ணாம்பின் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரே நேரத்தில் தண்ணீரும் நிரம்பும், கால்சியமும் ஆல்கலினிட்டியும் சரியான விகிதத்தில் சேரும். ஆனால் அதன் பி.ஹெச். 12-க்கு மேல். ஒரே ஊற்றாக ஊற்றினால் தொட்டி காலி. (பெட்டிக்கடைச் சுண்ணாம்பையும் போடக் கூடாது, அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது.)

பூஜ்யமும் ஆபத்துதான்

இவ்வளவும் படித்த ஒருவர் உடனே எதிர்ப்பக்கம் ஓடிவிடுவார். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம், எல்லாம் பூஜ்யம் என்று தொட்டியைத் துடைத்து வைப்பார். பெரிய ஸ்கிம்மர், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு, தீனியே இல்லை. சில வாரத்தில் பவளம் வெளிறும். மணல் மேல் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஒன்று படரும். அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். சத்து அறவே இல்லாத தண்ணீரில் போட்டிக்கு ஆள் இல்லாமல் அது கொழுத்துவிடும். அதை ஒழிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பவளத்தின் உடலுக்குள் ஒரு செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கின்றன. அந்தப் பாசிக்குக் கொஞ்சம் நைட்ரேட்டும் கொஞ்சம் பாஸ்பேட்டும் வேண்டும். எனவே குறிக்கோள் சுத்தம் மட்டும் இல்லை, சமநிலை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் ஒருபக்கம் அழுக்கிலும் மறுபக்கம் பட்டினியிலும் உயிர்கள் சாகின்றன.

அதைவிட முக்கியம், எண் எது என்பதைக் காட்டிலும் அந்த எண் ஆடாமல் இருப்பது. ஆல்கலினிட்டி தினமும் 7.5-ல் இருக்கும் தொட்டி, இன்று 7, நாளை 10, மறுநாள் 8 என்று ஆடும் தொட்டியைவிட நூறு மடங்கு நல்லது. புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பிடிக்க ஒரே ராத்திரியில் மருந்து ஊற்றிச் சரிசெய்பவர்தான் அதிகம் கொல்கிறார்.

சென்னை வெயிலும் கரண்ட் கட்டும்

வெளிநாட்டுப் புத்தகங்களில் ஹீட்டர் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். சென்னையில் பிரச்சினை நேர்மாறு. தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். மே மாதத்தில் வெளியே 40. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், உப்புத் தண்ணீரில் ஏற்கெனவே அது குறைவு. மேலே ஒரு ஃபேன் வைத்தால் ஓரளவு குளிரும். ஆனால் சென்னையின் புழுக்கத்தில் அதன் பலன் குறைவு, ஆவியாதலும் கூடும், நன்னீர் நிரப்பும் வேலையும் கூடும். சில்லர் வாங்கினால் கரண்ட் பில் கூடும். ஏசி அறையில் வைத்தால் இன்னொரு வேடிக்கை. ஜன்னல் எல்லாம் மூடிய அறையில் ஆட்கள் விடும் கரியமில வாயு சேர்ந்து தொட்டியின் பி.ஹெச். இறங்கும். அதற்கு மருந்து ஊற்றுவதைவிட ஜன்னலைத் திறப்பது மேல்.

கரண்ட் போனால்? பம்ப் நிற்கும், தண்ணீர் அசையாது, சில மணி நேரத்தில் மூச்சுத் திணறல் தொடங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன காற்று பம்பின் விலை மிகக் குறைவு. நீமோவை வாங்கும் நாளிலேயே அதையும் வாங்கியிருக்க வேண்டும். எத்தனை பேர் வாங்குகிறார்கள்?

"இவ்வளவு கணக்குப் போட்டா மீன் வளர்க்கணும்?"

நியாயமான கேள்வி. எங்கேயோ ஒரு மாமா வீட்டில் எந்த டெஸ்டும் இல்லாமல் பத்து வருடமாகத் தொட்டி ஓடுகிறது என்று எல்லோரும் ஒரு உதாரணம் வைத்திருப்பார்கள். விசாரித்தால் அது அநேகமாக நன்னீர்த் தொட்டியாக இருக்கும். குளத்தில் வாழும் மீனுக்கு மழைக்கும் வெயிலுக்கும் மாறும் தண்ணீர் பழக்கம். பவளப்பாறையில் வாழும் உயிருக்கு அந்தப் பழக்கம் இல்லை. அந்தப் பெருங்கடலில் ஒரு மீன் செத்தால் தண்ணீருக்குத் தெரியாது, 200 லிட்டரில் ஒரு மீன் செத்தால் மறுநாளே எல்லாவற்றுக்கும் தெரியும்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. "ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்பவரை விட்டுவிட்டு, வாடிக்கையாளர் அடுத்த கடைக்குத்தான் போகிறார். செத்த மீனுக்குப் பதில் இன்னொரு மீன் விற்றால் அது லாபம் மாதிரித் தெரியும். ஆனால் மூன்று முறை சாகடித்தவர் நான்காவது முறை கடைக்கு வருவதில்லை, தொட்டியையே பழைய விலைக்குத் தள்ளிவிடுகிறார். தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து அனுப்பும் கடைக்கு அந்த வாடிக்கையாளர் பத்து வருடம் உப்பு வாங்குவார். வாரம் 20 லிட்டர் மாற்றும் ஒரு தொட்டிக்கே வருடத்துக்கு 36 கிலோ உப்பு! நேர்மையான வியாபாரம்தான் இங்கே நீண்ட கால லாபம்.

பணயம் வைக்கப்படுவது யாருடைய உயிர்?

செலவும் உழைப்பும் ஒருபக்கம் இருக்கட்டும். பெரிய காரணம் இன்னொன்று. கடைக்கு வரும் கடல் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை அல்ல, ஏதோ ஒரு பவளப்பாறையில் பிடிக்கப்பட்டவை. நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை பண்ணை மீன்கள். ஆகவே கடல்மீன் தொட்டியில் ஒரு தவறு நடந்தால் அந்த இழப்பு கடலுக்கும் போய்ச் சேருகிறது.

பவளத்தைப் பொறுத்தவரை சட்டமே குறுக்கே நிற்கிறது. இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் 2001-ல் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. இந்தியக் கடலில் கல்பவளத்தை எடுப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள மன்னார் வளைகுடா 1986-ல் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆனது. அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கியேவிட்டன. பவளத்தை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மிச்சமிருக்கும் பவளங்கள் 2010-லும் 2016-லும் கடல் சூடானதால் வெளிறின. ஓரிரண்டு டிகிரி கூடியதை ஒரு கடலே தாங்கவில்லை. ஃபேன் வைத்த தொட்டி எங்கே தாங்கப்போகிறது?

ஆகவே கடையில் "உயிருள்ள பாறை" என்று காட்டினால் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். செயற்கைப் பாறையிலும் அதே பாக்டீரியா வளரும், நாள் மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஆகும். நீமோ வேண்டும் என்றால் குஞ்சு பொரித்து வளர்த்த மீனாகக் கேட்டு வாங்கலாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன் இனப்பெருக்கத்தில் வெற்றி கண்டிருக்கிறது. கேட்பவர் அதிகமானால் விற்பவரும் அதிகமாவார். தேவைதான் அளிப்பை உண்டாக்கும்.

தொட்டியை மூடும்போதும் பொறுப்பு இருக்கிறது. 1984-ல் மொனாக்கோவின் கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் ஒரு சதுர மீட்டர் அளவு பாசி காணப்பட்டது. காலர்பா என்ற, தொட்டிகளில் வளர்க்கும் பாசி. தொட்டியில் நைட்ரேட்டை உறிஞ்சும் நல்ல பிள்ளை அது. மத்தியதரைக் கடலிலோ ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரவி உள்ளூர்க் கடற்புல்லை மூடிவிட்டது. வேண்டாத மீனையும் பாசியையும் கடலில் விடுவது புண்ணியம் இல்லை.

முடிவாக...

ஆசைப்படுவது தவறில்லை. பவளத் தொட்டி ஒன்றைப் பார்த்து மயங்காதவர் யார்? ஆசைப்படுபவர் முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கட்டும். பிறகு உப்பு, ரிஃப்ராக்டோமீட்டர், டெஸ்ட் கிட். மீன் இல்லாத தொட்டியை மூன்று மாதம் ஓட்டட்டும். தேதி, வெப்பம், உப்புத்தன்மை, அம்மோனியா, நைட்ரேட், ஆல்கலினிட்டி, அன்று எத்தனை லிட்டர் நன்னீர் ஊற்றினார் என்று எழுதி வரட்டும். ஊருக்குப் போகும்போது யார் அதைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் எழுதட்டும்.

மூன்று மாதம் முடிவில் அந்த நோட்டில் எண்கள் ஆடாமல் ஒரே வரிசையாக நின்றால், தாராளமாகப் போய் இரண்டு சின்ன மீன்கள் வாங்கலாம். அவை பிழைக்கும். நோட்டு பாதியில் நின்றுபோயிருந்தால்? நஷ்டம் கொஞ்சம் உப்பும் கொஞ்சம் கரண்ட் பில்லும்தான். எந்த உயிரும் சாகவில்லை. அதுவும் ஒரு நல்ல முடிவுதான்.